கவனிப்பு என்னும் ஊழியம்: திருச்சபைகளின் சேவைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் ‘ஊழியம்’ என்னும் சொல் இன்று பெரும்பாலும் பிரசங்க மேடையையும் ஜெபக் கூட்டத்தையும் குறிப்பதாகச் சுருங்கிவிட்டது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அதற்கு நிகராக நிற்கும் ‘தியாக்கோனியா’ என்பதோ, பந்தியில் நின்று பிறருக்கு உணவு பரிமாறும் வேலையையும் குறித்து வழங்கிய எளிய வீட்டுச் சொல்லாகும். எருசலேமின் முதல் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறையீடு எழுந்ததையும், அதைத் தீர்ப்பதற்கென்றே ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டதையும் அப்போஸ்தலர் நடபடிகளின் 6-ஆம் அதிகாரம் பதிவுசெய்கிறது. சபையில் உணவு இருந்தது. அதைப் பகிரும் மனமும் இருந்தது. ஆயினும் சிலர் கண்ணில் படாமலே போனார்கள் என்பதால்தான் திருச்சபையின் முதல் சேவைக் குழு தோன்றியது என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

அந்தப் பகுதியைத் தமிழாக்கிய பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்த அன்றாடப் பங்கீட்டுக்கு ‘விசாரணை’ என்ற சொல்லை ஆண்டார்கள். காவல் நிலையத்தையே நினைவூட்டும் அளவுக்கு இன்று அச்சொல் மாறிவிட்டாலும், ஊரிலிருந்து புறப்படுபவரிடம் ‘வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்’ என்று சொல்லி அனுப்பும் வழக்கில் அதன் பழைய பொருள் உயிரோடிருக்கிறது. கேட்டறிவதும் அக்கறை கொள்வதும் அங்கே ஒரே வினை. ‘கவனித்தல்’ என்பதும் இவ்வாறே இருபொருள் தாங்கி நிற்பது. ஒன்றை உற்றுநோக்குவதும் கவனித்தல்தான்; நோயாளிக்கு வேளை தவறாமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து மருந்து புகட்டுவதும் கவனித்தல்தான். பார்க்காமல் பேண முடியாது என்ற அறிவைத் தமிழ் தன் வினைச்சொற்களிலேயே வைத்திருக்கிறது. கிறிஸ்தவ இரக்கம் பிறர் வாழ்வில் உண்மையாக மாற்றம் செய்த இடங்களை ஆராய்ந்தால், இரக்கத்தோடு இந்தக் கவனிப்பும் சேர்ந்திருந்ததைக் காணலாம். சேராத இடங்களில் இரக்கம் பெருகியும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இம்மடல் சொல்ல வருவது இதுவே. அதைச் சொல்வதற்குத் தொழுநோய் மருத்துவத்தின் வரலாற்றையும், அதில் வேலூர் பெற்ற பங்கையும் இது துணைகொள்கிறது.

தொழுநோயைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு நேரடிக் காரணம் உண்டு. டிசம்பர் பிறந்ததும் பல சபைகளின் சேவைக் குழுக்கள் வாடகை வேன் அமர்த்தி, கேக்கும் போர்வையும் வேட்டி சேலையும் எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் தொழுநோயர் குடியிருப்புகளுக்குச் செல்கின்றன. கீதங்கள் பாடப்படுகின்றன, சிறு செய்தி ஒன்று கொடுக்கப்படுகிறது, ஜெபத்துக்குப் பின் பொருள்கள் வழங்கப்படுகின்றன; மாலைக்குள் வேன் திரும்பிவிடுகிறது. இதைச் செய்பவர்களின் மனம் தூயது என்பதில் ஐயமில்லை. வேலை நாளில் விடுப்பு எடுத்து, சொந்தப் பணத்தைப் போட்டு, பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் அவை. அந்த அன்பு இருப்பதால்தான் அதனிடம் இன்னும் சிலவற்றைக் கேட்க முடிகிறது.

தொழுநோய் என்பது மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் கிருமியால் வருவது. அக்கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ‘குஷ்டரோகம்’ என வரும் எபிரேயச் சொல் இந்த நோயை மட்டும் குறிப்பதன்று. லேவியராகமத்தின் 13, 14-ஆம் அதிகாரங்களில் அது பலவகைத் தோல் கோளாறுகளையும், துணியில் படரும் பூசணத்தையும், வீட்டுச் சுவரில் தோன்றும் கறையையும்கூடச் சுட்டுகிறது. ஆயினும் அந்தப் பெயர் இந்த நோயின்மேல் ஒட்டிக்கொண்டதால் தீட்டு என்ற கருத்தும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. பிரசங்கத்தில் ‘குஷ்டரோகி’ என்ற சொல்லைப் பாவத்துக்கு உவமையாகச் சொல்லும்போது, அதே நோயைத் தாங்கியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதைப் போதகர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். ‘தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்’ என்பது நீளமான தொடர்தான். அந்த நீளம் மனிதரை நோயிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் தொழுநோயருக்கென இல்லங்கள் அமைத்தவர்களுள் கிறிஸ்தவ மிஷன்கள் முன்னணியில் நின்றன. அயர்லாந்தைச் சேர்ந்த வெல்லெஸ்லி பெய்லி 1874-இல் தொடங்கிய மிஷன் இதற்கெனவே உருவானது. வீட்டாரே கைவிட்டவர்களுக்கு அந்த இல்லங்கள் உணவும் கூரையும் வழிபாடும் கல்லறையும் தந்தன. அது பெரிய காரியம். அதைச் சிறிதாக்குவது நன்றி கொன்ற செயலாகும். ஆனால் அந்த இல்லங்களுக்குள்ளும் விரல்கள் தேய்ந்துகொண்டே இருந்தன, பாதங்கள் புண்ணாகிக்கொண்டே இருந்தன. நோயின் இயல்பே அது, சதையே கெட்டு உதிர்கிறது என்று மருத்துவர்களும் மிஷனரிகளும் நோயாளிகளும் ஒன்றுபோல நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கப் பல பத்தாண்டுகள் ஆயின; இரக்கத்துக்கு அந்தக் காலம் முழுவதும் குறைவே இருந்ததில்லை.

கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். மறு ஆண்டில் தோல் மருத்துவ அறிஞர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் செங்கல்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவ இல்லத்தைப் பார்வையிட்டபோது, மடங்கிப்போன விரல்களோடிருந்த ஒருவரின் கையைப் பற்றினார். பயனற்றது என்று தோன்றிய அந்தக் கை அவர் கையை வலிக்குமளவு இறுக்கிப் பிடித்தது. அப்படியானால் கையை இயக்கும் தசைகளில் சில இன்னும் முழு வலுவோடு இருக்கின்றன என்பது அவருக்குப் புலப்பட்டது. எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றைச் சீர்ப்படுத்தும் எலும்பியல் மருத்துவர்கள் இந்தக் கைகளை ஏன் ஆராயவில்லை என்று அவர் கேட்டறிந்தபோது, அதுவரை அதில் ஒருவரும் ஈடுபடவில்லை என்பதே விடையாகக் கிடைத்தது.

இந்தக் கையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. முழங்கையின் உட்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். எலும்பை ஒட்டித் தோலுக்குச் சற்றே அடியில் ஓடும் அல்நார் நரம்புதான் அதற்குக் காரணம். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் செழிப்பது. ஆகையால் முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களில் மேலோட்டமாக ஓடும் நரம்புகளை அது தாக்குகிறது. அல்நார் நரம்பு செயலிழக்கும்போது உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் தளர்கின்றன. விரல்களை அடிமூட்டில் மடக்கி நுனியில் நிமிர்த்திப் பிடிப்பது அந்தச் சிறு தசைகளின் வேலை. சோற்றைப் பிசைந்து கவளமாக்கி வாய்க்குக் கொண்டுபோக விரல்கள் அந்த நிலையில்தான் நிற்க வேண்டும். சட்டைப் பொத்தான் போடவும், பூத் தொடுக்கவும், சில்லறை எண்ணவும் அதுவே வேண்டும். அவை தளர்ந்ததும் விரல்கள் கொக்கிபோல் உள்ளே வளைந்துவிடுகின்றன. ஆனால் முன்கையின் ஆழத்தில் ஓடும் நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிடுவதால், அங்குள்ள பெரிய தசைகள் வலுக் குன்றாமல் இருக்கின்றன.

தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான நார்க்கயிறே தசைநாண் எனப்படுவது. நலமாயிருக்கும் தசை ஒன்றின் தசைநாணை அதன் இடத்திலிருந்து விடுவித்து, வழிமாற்றி, செயலிழந்த விரல்களுக்குக் கொண்டுசென்று தைக்கும் முறையைப் பிராண்டும் அவருடன் உழைத்தவர்களும் 1940-களின் இறுதியிலிருந்து வேலூரில் வளர்த்தெடுத்தார்கள். தையல் ஆறியதோடு வேலை முடிந்துவிடாது. இதுவரை ஒரு வேலையைச் செய்துவந்த தசைக்கு இனி வேறு வேலை என்பதை மூளை புதிதாகக் கற்க வேண்டியிருந்ததால், இயன்முறைப் பயிற்சியாளர் ஒருவர் நாள்தோறும் அந்தக் கையோடு உட்கார்ந்து, ஒரு விரலை அசைக்க வைத்து, மறுநாள் மீண்டும் அசைக்க வைத்து, வாரக்கணக்கில் உடனிருக்க வேண்டியிருந்தது. பொது மருத்துவமனைகள் தொழுநோயரைச் சேர்க்கத் தயங்கிய காலத்தில், பிற நோயாளிகள் அஞ்சி ஓடிவிடுவார்கள் என்ற கவலையையும் மீறித்தான் இந்த வேலை தொடங்கியது.

இதைவிடப் பெரிய கண்டறிதல் கத்தியின்றி நிகழ்ந்தது. பூட்டொன்றின் துருவேறிய துவாரத்தில் திரும்ப மறுத்த சாவியைத் தொழுநோய் கண்ட சிறுவன் ஒருவன் எளிதாகத் திருகித் திறந்ததையும், அவன் விரலின் சதை எலும்பு தெரியக் கிழிந்திருந்ததையும், அதை அவன் உணரவே இல்லை என்பதையும் பிராண்ட் கண்டார். இயல்பான கையை உடைய ஒருவர் அந்த அழுத்தத்துக்கு முன்பே வலியால் கையை எடுத்திருப்பார். அதன்பின் அவரும் உடனுழைத்தவர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடத் தொடங்கினார்கள். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியதால் ஒன்று, செருப்பில் குத்தி நின்ற ஆணியின்மேல் நாள் முழுவதும் நடந்ததால் ஒன்று என ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. சிலருக்கு இரவில் உறங்கப்போகும்போது இருந்த விரல் நுனி காலையில் குறைந்திருந்தது மட்டும் புதிராக இருந்தது. இரவில் கண்விழித்துக் காவலிருந்து பார்த்தபோது எலிகள் வந்து கடிப்பது தெரிந்தது. உறங்குபவருக்கு வலிக்கவில்லை, ஆகவே அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வீடு திரும்பும் நோயாளிகள் பூனை ஒன்றையும் உடன் கொண்டுசெல்லும் வழக்கம் அதற்குப் பிறகே ஏற்பட்டது.

சதை தானாக உதிர்வதில்லை, வலியற்ற உடல் தன்னையறியாமல் காயப்படுவதால்தான் உறுப்புகள் இழக்கப்படுகின்றன என்ற முடிவு உலகெங்கும் தொழுநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. இத்தனை காலமும் அந்த எலிகள் அந்த இல்லங்களில் இருந்தன. உணவு கொடுத்தவர்களும் கட்டுப் போட்டவர்களும் ஜெபித்தவர்களும் இருந்தார்கள். இரவில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆளில்லாமல் இருந்தது. சேவைக் குழுக்கள் தம் கூட்டங்களில் நெடுநேரம் பேசத்தக்க செய்தி ஒன்று இந்த வரலாற்றில் உண்டென்றால், அது இந்த இரவுக் காவல்தான்.

கையைச் சீராக்கிக்கொண்டு ஊர் திரும்பிய சிலர் மீண்டும் வந்து, இந்தக் கையால் தங்கள் பிழைப்பு கெட்டது என்று முறையிட்டார்கள் என்பதும் பதிவாகியுள்ளது. வளைந்த விரல்களைக் கண்டு பிச்சையிட்டவர்கள் நிமிர்ந்த விரல்களுக்கு இடவில்லை. உடலில் நோயின் தழும்பு தெரிந்ததால் வேலை கொடுப்பாரும் வாடகைக்கு வீடு தருவாரும் இல்லை. இதை நன்றியின்மை என்று கொள்ளாமல், தங்கள் சிகிச்சை பாதியில் நிற்கிறது என்பதற்குச் சான்றாகவே அந்த மருத்துவர்கள் கொண்டார்கள். அதன் விளைவாக 1951-இல் வேலூர் பாகாயத்தில், மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் ‘நவஜீவ நிலையம்’ என்னும் சிறு குடியிருப்பு எழுந்தது. அங்கே தச்சு முதலிய தொழில்களைக் கற்றுக்கொண்டவர்கள், உணர்வற்ற கையால் உளியையும் அரத்தையும் காயமின்றிப் பிடிப்பது எப்படி என்பதையும் சேர்த்தே கற்றார்கள். பயனாளி எனப்படுபவரின் குறைகூறலைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் பணிவு, பொருள் வழங்கும் மனத்தைக் காட்டிலும் அரியது.

வேலூர் மருத்துவக் கல்லூரியின் தொடக்கமே இத்தகைய ஒரு கேள்வியில் இருந்தது. ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், 1819-இல் இலங்கைக்கு வந்து பின்னர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவ மிஷனரி ஜான் ஸ்கடரின் பேத்தி. இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்த நாள்களில், ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவ வருமாறு அவரை அழைத்தார்கள். மருத்துவரான தந்தையை அவர் காட்டியபோது, ஆண் மருத்துவர் பெண்ணைப் பார்ப்பது தங்கள் வழக்கத்துக்கு ஒவ்வாது என்று மூவரும் மறுத்துச் சென்றார்கள். மறுநாள் அந்த மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த வீட்டார்களின் அறியாமையைக் குறைசொல்லிவிட்டு அமெரிக்கா திரும்பியிருக்கலாம். அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பெண் மருத்துவர் என்பதை அவர் உணர்ந்தார். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு வேலூரில் தந்தையின் பங்களாவிலேயே ஒரு படுக்கையோடு மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். ஒரு மருத்துவர் போதாது என்பது தெளிவானதும் 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களை வேலூர் – குடியாத்தம் சாலையோர மரநிழல்களில் வாரந்தோறும் சந்தித்தார். வாரந்தோறும் என்பதுதான் இங்கே முக்கியம். புண்ணுக்குக் கட்டுப் போட்டவர் அடுத்த வாரம் அதே மரத்தடிக்கு வருவார் என்று தெரிந்ததால்தான் மக்கள் அங்கே காத்திருந்தார்கள்.

சமாரியன் உவமையை இங்கே ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம். அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டியதோடு அவ்வுவமை முடிவதில்லை. சத்திரத்துக்குக் கொண்டுபோய், இரவு உடனிருந்து பராமரித்து, மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் செல்கிறான் அவன். மறுநாள், திரும்பி வருதல் என்னும் இவ்விரண்டும் பிரசங்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றன.

சேவை செய்பவர் நலமுடையவர், பெறுபவர் குறையுடையவர் என்ற பிரிவினையும் நிலையானதன்று என்பதற்கு மேரி வர்கீஸின் வாழ்வு சான்று. கொச்சியில் 1925-இல் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற அவர், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் சிதைந்து, இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். நின்றுகொண்டு செய்யும் அறுவைகள் இனி இயலா. ஆனால் கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்ற வழி அவருக்குத் திறந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயரின் கைகளைச் சீராக்கிய அவர், பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, அதாவது ஊனமுற்றவர் தம் அன்றாட வாழ்வைத் தாமே நடத்திக்கொள்ளப் பழக்கும் மருத்துவப் பிரிவைக் கற்று, 1960-களில் வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிறுவனம் ஒன்று அவர் முயற்சியால் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. கால்கள் செயலிழந்த மருத்துவரைக் கண்ட நோயாளியின் மனத்தில் நிகழ்ந்திருக்கக்கூடியதை நலமுள்ள மருத்துவர் எவராலும் ஈடுசெய்ய முடியாது. குடியிருப்புகளுக்குச் செல்லும் குழுக்களில், அக்குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு இடமிருக்கிறதா என்று இங்கே கேட்கத் தோன்றுகிறது.

இந்த அன்பு கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து என்று எவரும் எண்ணிவிடலாகாது. சேவாகிராமத்தில் காந்தியடிகள், தொழுநோய் கண்ட வடமொழி அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரிக்குத் தம் கையாலேயே உடம்பு பிடித்துவிட்டார். பாபா ஆம்தே ஆனந்தவனத்தில் தொழுநோயரின் உழைப்பைக் கொண்டே ஒரு சமூகத்தைக் கட்டினார். கிறிஸ்தவர்களுக்கெனத் தனியாக இருப்பது ஒரு கடமை மட்டுமே. தம் ஆண்டவர் தொழுநோயரைத் தொட்டார் என்பதைத் தம் மறைநூலில் படிப்பவர்கள் அதைப் படித்தபின் தொடாமல் இருக்க முடியாது. அத்துடன் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். போர்வை வாங்க வரிசையில் நிற்பவரும், படுக்கையில் மருந்துக்குக் காத்திருப்பவரும், எதிரில் நிற்பவர் சொல்வதை மறுக்கும் நிலையில் இல்லை. அந்த நேரத்தைச் சமயத்தை ஏற்கச் செய்யும் வாய்ப்பாகக் கொள்வது, கொடுத்ததைத் திரும்பக் கேட்பதற்கு ஒப்பாகும். ஜெபிக்க வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் அதே முகமலர்ச்சியோடு புண்ணைக் கழுவிக் கட்டுபவரின் விசுவாசமே உறுதியானது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, அதாவது ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் ஆகியவற்றைச் சேர்த்து இன்று 6 மாதமோ 12 மாதமோ உட்கொள்ளும் முறை, நோயை முற்றாகக் குணப்படுத்துகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசமாகக் கிடைக்கிறது. சிகிச்சை தொடங்கிய குறுகிய காலத்திலேயே பிறருக்குப் பரவும் தன்மை நீங்கிவிடுகிறது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை 2005-ஆம் ஆண்டின் இறுதியில் நாடு எட்டியபோது, பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. நோயே ஒழிந்துவிட்டது என்று பலரும் அதைப் புரிந்துகொண்டது பிழை. உலகில் புதிதாகக் கண்டறியப்படுவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் அவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம். தொழுநோயரைப் பிரித்து அடைக்க வகைசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற பிரிவுகள் 2019-இல்தான் நீங்கின.

கிருமி போய்விட்டாலும் இழந்த உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. குடியிருப்புகளில் வாழும் முதியவர்களுக்கு நோய் குணமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்; ஆனால் பாதம் உணர்வற்றது. இயல்பான பாதம் நீண்ட நடையில் சற்றே நோகும்போது, அதை உடையவர் அறியாமலே தன் எடையை மாற்றி ஊன்றும். உணர்வற்ற பாதம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊன்றி அங்கே புண்ணாகிவிடும். இதற்கான மருத்துவம் மிக எளியது. நாள்தோறும் அரைமணி நேரம் பாதத்தை நீரில் ஊறவைத்து, காய்த்த தோலை மெல்லத் தேய்த்து நீக்கி, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவி, முள்ளோ கொப்புளமோ சிவப்போ உண்டா என்று உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். நுண்ணறை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு அணிய வேண்டும். கண் மங்கியவருக்குத் தம் உள்ளங்காலைத் தாமே பார்ப்பது இயலாத வேலை. விரலில்லாத கைக்கு எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திறப்பதே கடினம். அந்தச் செருப்பு மட்டும் தனிப்பட்ட தோற்றத்தில் இருந்தால், பேருந்தில் காலைக் கண்டே ஒதுங்குவார்கள் என்று அஞ்சி அதைக் கட்டிலடியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. பார்வைக்குக் கடைச் செருப்பைப் போலவே தைத்துக் கொடுத்தால் அவர்கள் அணிகிறார்கள்.

இரண்டாவது சிக்கல் கைரேகையில் இருக்கிறது. ரேஷன் கடையிலும் வங்கியிலும் விரலை வைக்கச் சொல்லும் கருவிக்கு முன் தேய்ந்த விரலோடு நிற்பவர் திரும்பி வர நேர்கிறது. கருவிழிப் பதிவு முதலிய மாற்று வழிகள் விதிகளில் உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெறுவதற்கு உடன் வந்து நின்று பேச ஒருவர் வேண்டும். பராமரிப்பு உதவித்தொகைக்கான விண்ணப்பத்துக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இதே நிலைதான். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஐக்கிய உறுப்பினர் ஒருவரின் ஒரு முற்பகலும் ஒரு பேனாவும், ஒரு முதியவருக்கு ஓராண்டு அரிசியாக மாறக்கூடும். இதற்கு மேடையும் ஒலிபெருக்கியும் தேவையில்லை.

ஆகவே இந்த ஆண்டு டிசம்பர் பயணத்தை நிறுத்த வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அந்தப் பாட்டுக்குக் காத்திருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அதற்குப்பின் ஜனவரி இரண்டாம் வாரத்தில், எவரும் எதிர்பாராத ஒரு செவ்வாய்க்கிழமையில், வேனின்றி, நான்கு பேர் மட்டும் பேருந்தில் போய் இறங்கட்டும். அவர்கள் கொடுக்கப் போகவில்லை, விசாரிக்கப் போகிறார்கள். தேநீர் கொடுத்தால் உட்கார்ந்து குடிக்க வேண்டும்; தங்கள் வீட்டில் வெளியார் எவரும் வாய் நனைப்பதில்லை என்பது அங்குள்ளவர்களுக்கு எப்போதும் நினைவில் இருக்கிறது. பின்னர் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அதே நால்வர் அதே கிழமையில் வர வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு முகங்கள் வந்தால், சொன்ன கதையையே அவர்கள் மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

முதல் பயணத்துக்கு எடுத்துச்செல்ல வேண்டியவை குறைவு: சில வெள்ளைத் தாள்கள், ஒரு பென்சில், ஓர் அளவு நாடா. செருப்பு செய்பவருக்கு அனுப்பக் காலின் வடிவம் வேண்டும். பெரிய வியாழனன்று ஆலயத்தில் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவும் சடங்கை ஆண்டுதோறும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வேலையின் உயரம் புதிதாக இராது. தரையில்தான் உட்கார வேண்டும். தாளின்மேல் அவர் பாதத்தை எடுத்து வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, குதிகாலிலிருந்து தொடங்கி, விரல்கள் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஓரத்தை ஒட்டியே கோடு வர வேண்டும். பென்சில் தன்மேல் படுவது அந்தப் பாதத்துக்குத் தெரியாது. ஆகையால் அவர் குனிந்து, கோடு சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.